சர்பத்துக்கு வந்த சூரியன்

கல்முனையில் கலியாணக் கார்டு அடித்தவர்களும் கடைக்குப் பெயர்ப்பலகை போட்டவர்களும் மர்ஷூதாவின் கண்ணைத் தாண்டித்தான் வந்திருப்பார்கள். பஸ் டிப்போவுக்குப் போகும் றோட்டில், மாடியில் இருக்கிறது சியாமின் விளம்பரக் கடை. அங்கே எது அச்சுக்குப் போவதென்றாலும் மர்ஷூதா வந்து கணினிக்கு முன்னால் நிற்பாள். மேலிருந்து கீழே பார்ப்பாள். பிறகு கீழிருந்து மேலே பார்ப்பாள். எல்லாம் சரியென்றால் "ஓம்" என்பாள். அந்த ஓம் வராமல் சியாம் மெஷினைத் தொடமாட்டான்.

இந்தக் கண்ணுக்குத்தான் ஒரு நாள் நோவு வந்தது.

நோவின் பெயர் றுஸ்னா. பேருவளைப் பிள்ளை. புருஷனுக்கு வங்கியில் கல்முனைக்கு இடமாற்றம் கிடைத்து, கூடவே வந்து வாடகை வீட்டில் குடியிருந்தாள். வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை என்று ஒரு நாள் கடைப் படியேறி வேலை கேட்டாள். சியாம் ஒரு மீன்கடைப் பலகையைச் செய்யச் சொல்லிக் கொடுத்தான். மர்ஷூதா அதுவரை எல்லா மீன்கடைக்கும் வாயைத் திறந்த ஒரு பாரை மீனைத்தான் போட்டு வந்தாள். றுஸ்னா மீனையே போடவில்லை. நீலத் தாளில் நாலு செதிலை மட்டும் மினுங்க வைத்தாள். கடைக்காரன் வந்து பார்த்துவிட்டு, "இதென்னகா, பாக்கக்குள்ள நாக்குல தண்ணி ஊறுது" என்றான்.

அன்று பகல் மர்ஷூதா சாப்பிடவில்லை. சோற்றுப் பார்சலைப் பிரித்தாள், மூடினாள்.

பிறகு ஒவ்வொன்றாக அவள் கண்ணில் படத் தொடங்கியது. சியாம் தேநீர் சொல்லும்போது முதலில் றுஸ்னாவிடம் "தங்கச்சிக்கு?" என்று கேட்டான். புதிதாக வாங்கிய பெரிய திரை றுஸ்னாவின் மேசைக்குப் போனது. வருகிறவர்கள், "அந்தப் புள்ள இரிக்காவா?" என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். அந்தப் புள்ளையோ ஒரு கர்வமும் இல்லாமல், சொந்த அக்காவைக் கூப்பிடுவது போல், "ராத்தா, இது சரியா பாருங்களேன்" என்று வந்து நின்றாள். அதுதான் மர்ஷூதாவுக்கு இன்னும் எரிந்தது. கெட்டவளாக இருந்தால் வெறுக்கிறது லேசு. நல்லவளை வெறுக்கிறதென்றால் முழு நாளும் பாடுபட வேண்டும்.

நோன்புக்கு முந்திய மாதம் பதியுதீன் ஹாஜியார் வந்தார். சாய்ந்தமருதில் நூறானியா நன்னாரி சர்பத் போடுகிறவர் அவர்தான். ஒவ்வொரு நோன்புக்கும் அவருடைய சர்பத்துக்கு விளம்பரம் செய்து கொடுப்பது மர்ஷூதா. ஒரு பிறை, ஒரு மினாரா, மூன்று பேரீச்சம்பழம், ஒரு போத்தல். வருஷா வருஷம் பிறை மட்டும் இடம் மாறும்.

"இந்த முறை கொழும்பு, கண்டி எல்லாம் சர்பத் போகப் போகுது" என்றார் ஹாஜியார். "அதால புதுசா ஏதும் வேணும் சியாம் தம்பி. நல்லா வந்தா இந்த வருஷ வேலை முழுக்க உங்களுக்குத்தான்."

சியாமுக்கு முகம் மலர்ந்தது. "அப்படி வந்தா ஹாஜியார், உங்கட வேலைக்கெண்டே ஒரு ஆளப் பொறுப்பா வெக்கிறன்" என்றான்.

யாரை என்று அவன் சொல்லவில்லை. முன்பென்றால் சொல்லத் தேவையே இல்லை. மர்ஷூதா நிமிர்ந்து சியாமைப் பார்த்தாள். சியாம் றுஸ்னாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டு கிழமை கழித்து ஹாஜியார் திரும்பி வந்தபோது றுஸ்னா பெரிய திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"உலகத்துல பேர்போன படங்கள் ஈக்கிதே ஹாஜியார், பெரிய பெரிய ஓவியர்கள் கீறின? அதுகளுக்குள்ள நம்மட சர்பத்த வெச்சா எப்பிடி எண்டு யோசிச்சன். பாருங்க."

முதல் படத்தில் ஒரு பெண் யன்னலோரம் நின்று குடத்திலிருந்து பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். பால் இருந்த இடத்தில் றுஸ்னா சிவப்புச் சர்பத்தை ஊற்ற வைத்திருந்தாள்.

ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார். "மகள், ஆரு இந்தப் பொம்புள?"

"ஒரு வீட்டு வேலைக்காரி. முந்நூறு வருஷத்துக்கு முந்திக் கீறின."

"அப்ப மவுத்தாகியிருப்பா."

"ஓ, எப்பவோ."

"மவுத்தான பொம்புளயெண்டாலும் றோட்டுல தூக்கி வெக்கேலா மகள். பள்ளிவாசல்ல எனக்கு ஒளிக்க இடமிரிக்காது."

அடுத்த படத்தில் காதில் முத்துத் தொங்கும் ஒரு பெண் இருந்தாள்.

"இவ தலையில துணி கட்டித்தானே இரிக்கா ஹாஜியார்" என்றான் சியாம்.

"கட்டித்தான் இரிக்கா. ஆனா திரும்பிப் பாக்காளே தம்பி."

சியாம் சிரித்தான், றுஸ்னாவும் சிரித்தாள். நட்சத்திரங்கள் சுழிசுழியாகச் சுற்றும் ராத்திரி வந்தது. "எனக்குத் தலை சுத்துது. சர்பத்தக் குடிச்சாச் சுத்துமெண்டு நினைப்பானுகள்" என்றார் ஹாஜியார். அதற்கடுத்ததில் ஒரு பேரலை எழும்பி நின்றது. அதன் கீழே சின்னச் சின்னத் தோணிகள். சுனாமி வந்து போன கரை இது. ஹாஜியார் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சியாம் தானே கையை நீட்டி அந்தப் படத்தைத் தள்ளினான்.

றுஸ்னாவுக்கு அப்போதுதான் விளங்கியது. "அல்லாவே. நான் யோசிக்கல்ல ஹாஜியார், மன்னிச்சிக்கோங்க" என்றாள்.

மர்ஷூதா தன் மேசையிலிருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். உச்சந்தலையில் யாரோ குளிர்ந்த எண்ணெய் வைத்த மாதிரி இருந்தது அவளுக்கு. பிறையும் மினாராவும் இனி எப்படியும் திரும்பி வரும் என்று நினைத்தாள்.

ஆனால் கடைசியாக ஒரு படம் இருந்தது. ஒரு துறைமுகம். மூடுபனி, மங்கலான தோணி, தண்ணீருக்கு மேலே செம்மஞ்சளாக ஒரு சூரியன். அதன் வெளிச்சம் கடலில் சிவப்புக் கோடாக இறங்கி வந்தது. றுஸ்னா அந்தக் கோட்டின் அடியில் ஒரு கண்ணாடிக் குவளையை வைத்திருந்தாள். வானத்திலிருந்து சூரியனே உருகி வழிந்து குவளைக்குள் சர்பத்தாக நிறைவது போலிருந்தது. ஓர் ஓரத்தில் சின்ன எழுத்தில், "நோன்பு திறக்கும் நேரம்."

ஹாஜியார் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "மாஷா அல்லாஹ்" என்றார் மெதுவாக. "இதில பொம்புளயும் இல்ல, ஆம்புளயும் இல்ல. தாகம் மட்டும் இரிக்கி."

மர்ஷூதாவும் எழும்பிப் போய்ப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்கு முதலில் தோன்றியது, ஏன் இது எனக்கு வரவில்லை என்பதுதான். பிறை, மினாரா என்று அடுக்கிக்கொண்டே இத்தனை நோன்பையும் கழித்துவிட்டேனே என்று நினைத்தாள். தொண்டைக்குள் மீன்முள் நின்ற மாதிரி ஒரு குத்து.

இரண்டாவதாகத் தோன்றியதை அவள் யாருக்கும் சொல்லவில்லை.

இந்தக் கரையில் பிறந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் கடல் கிழக்கே இருக்கிறது. இங்கே சூரியன் கடலுக்குள்ளிருந்து வரும், கடலுக்குள் போகாது. மஃரிபுக்கு, அந்தித் தொழுகை நேரத்தில், அது இறங்குவது வயல் பக்கம். கடலுக்கு மேல் சூரியன் நின்றால் சஹர் சாப்பாடு முடிந்து, சுபஹுத் தொழுகையும் முடிந்து, நோன்பு பிடித்தாயிற்று என்று அர்த்தம். அந்த நேரத்தில் ஒரு குவளை சர்பத்தை வாயில் வைத்தால் நோன்பு போயிற்று.

பேருவளையில் வேறு. அங்கே கடல் மேற்கே. றுஸ்னா சின்ன வயதில் வாப்பாவோடும் உம்மாவோடும் பாயும் கஞ்சியும் எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய், சூரியன் தண்ணீரில் முங்கும் வரை பார்த்திருந்து நோன்பு திறந்தவள். அவளுக்குக் கடலும் சூரியனும் சேர்ந்தால் அது பாங்கு சொல்லும் நேரம்தான்.

சியாமும் ஹாஜியாரும் இங்கேயே பிறந்தவர்கள்தானே என்று கேட்பீர்கள். அவர்கள் படத்தைப் படமாகப் பார்த்தார்கள். கலண்டரிலும் வாழ்த்து அட்டையிலும் கடலோரச் சூரியன் என்றால் அந்திதானே. பார்த்துப் பார்த்துப் பழகிய கண். மர்ஷூதா ஒருத்திதான் அதைத் தன் ஊர் மருதமுனையின் கடலாகப் பார்த்தாள்.

"எப்பிடி ராத்தா?" என்று கேட்டாள் றுஸ்னா.

"வடிவா இரிக்கி" என்றாள் மர்ஷூதா. அது பொய்யில்லை.

அச்சுக்குப் போகும் நாள் வந்தது. சியாம் கூப்பிட்டான். மர்ஷூதா திரைக்கு முன்னால் போய் நின்றாள். மேலிருந்து கீழே பார்த்தாள், கீழிருந்து மேலே பார்த்தாள். சூரியன் அவளைத் திருப்பிப் பார்த்தது. பக்கத்தில் றுஸ்னா நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். இப்போது சொன்னால் என்ன நடக்கும் என்று மர்ஷூதா யோசித்தாள். இவள் திருத்திவிடுவாள். திருத்தி இன்னும் நல்லதாக ஒன்றைக் கொண்டு வருவாள். ஹாஜியார் மறுபடி எழும்பி நிற்பார்.

"ஓம்" என்றாள்.

பலகையைச் சாய்ந்தமருதுக் கடற்கரை றோட்டில் தூக்கினார்கள். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, றோட்டைப் பார்த்து நின்றது. நோன்பு தொடங்க இன்னும் சில நாள் இருந்தது. பின்னேரம் போனவர்களெல்லாம் நின்று படம் பிடித்தார்கள். அன்று சியாம் கடையில் எல்லாருக்கும் வட்டிலப்பம் வாங்கிக் கொடுத்தான். மர்ஷூதா தன் பங்கைப் பிள்ளைகளுக்கென்று கட்டிக்கொண்டு போனாள். வாயில் வைக்க மனம் வரவில்லை.

மறுநாள் விடியற்காலை முகம்மது தம்பி என்ற மீன்காரர் தோணியால் இறங்கி, வலையைத் தோளில் போட்டுக்கொண்டு றோட்டுக்கு ஏறினார். திரும்பிப் பலகையைப் பார்த்தார். பலகைக்கு மேலால், அதே நிறத்தில், உண்மைச் சூரியன் கடலிலிருந்து எழும்பிக்கொண்டிருந்தது. அவர் கீழேயும் மேலேயும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தேத்தண்ணிக் கடைக்குப் போய்ச் சொன்னார்:

"கேட்டீங்களா, இந்த வருஷம் நோம்பு பிடிச்ச கையோட துறக்கலாமாம். ஹாஜியார் போர்ட் போட்டிரிக்கார்."

அவ்வளவுதான். ஒருவன் சூரியனையும் பலகையையும் சேர்த்துப் படமெடுத்து ஃபேஸ்புக்கில் போட்டான். "புது வசதி. சுபஹுக்கு நோம்பு, சுபஹுக்கே நோம்புதுறப்பு." இன்னொருவன் கீழே எழுதினான், "வேலைக்குப் போறவங்களுக்கு மிச்சம் லேசு." பத்து மணிக்குள் அந்தப் படம் ஹாஜியாரின் மருமகன் இருக்கும் கத்தாருக்கும் போய், அங்கிருந்து ஹாஜியாரின் போனுக்குத் திரும்பி வந்துவிட்டது.

ஹாஜியார் சியாமுக்குப் போன் எடுத்தார். ஏசவில்லை. அதுதான் சியாமைப் பயப்படுத்தியது. "தம்பி, இருபது வருஷமா என்ட சர்பத்தக் குடிச்ச சனம். இண்டைக்கு என்னைக் குடிச்சிட்டிரிக்காங்க. நாளைக்கு விடியக்குள்ள அந்தப் போர்ட்ல வேறொண்டு இரிக்கணும். இல்லாட்டி வேற இடம் பாக்கிறன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

சியாம் இரண்டு பேரையும் கூப்பிட்டு நிறுத்தினான். போனை மேசையில் வைத்துப் படத்தைக் காட்டினான். மர்ஷூதாவுக்கு உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் தலை தூக்கியது. உண்மையைச் சொல்வதென்றால் சின்னது இல்லை, பெரியதுதான். றுஸ்னாவின் முகம் வெள்ளைத் தாளாகப் போனதை அவள் ஆசையோடு பார்த்தாள்.

"என்ட பிழை நானா" என்றாள் றுஸ்னா, அண்ணனிடம் சொல்வது போல் சியாமிடம். "அந்தப் படத்துட பேரே காலைச் சூரியன் எண்டுதான். எனக்குத் தெரியும். தெரிஞ்சும் எனக்கு அது மஃரிபாத்தான் தெரிஞ்சிது. எங்கட ஊர்க் கடல் அப்பிடி."

சியாம் மர்ஷூதா பக்கம் திரும்பினான். "அது சரி, இவ வெளியூர். நானும் குருடன். நீங்க பாத்துத்தானே ஓம் எண்டீங்க மர்ஷூதா? உங்கட கண்ணுக்குமா தப்பின?"

காணவில்லை என்று சொன்னால் முடிந்தது. மன்னிப்பு ரெடியாக இருந்தது. மர்ஷூதா வாயைத் திறந்தாள்.

அதற்குள் றுஸ்னா முந்திக்கொண்டாள். "ராத்தாவ ஏச வாணாம் நானா. இந்த மாதிரி வெளிநாட்டுப் படமெல்லாம் அவங்களுக்குப் பழக்கமில்லயே. அவங்க எப்பிடிக் காணுற? நான் செஞ்சதெண்டு நம்பித்தான் ஓம் எண்டிருப்பாங்க."

அவள் அன்பாகத்தான் சொன்னாள். அந்த அன்பு மர்ஷூதாவின் காதுக்குள் கொதிக்கிற எண்ணெயாக இறங்கியது. பழக்கமில்லையாம். காணமாட்டாளாம். இந்தக் கடையில் தனக்கென்று இருந்தது அந்தக் கண் ஒன்றுதான். அதையும் இவள் இரக்கப்பட்டு, தலையைத் தடவி, கையோடு எடுத்துக்கொண்டு போகப் பார்க்கிறாள்.

"நான் கண்டன்" என்றாள் மர்ஷூதா.

சியாம் விளங்காமல் பார்த்தான்.

"முதல் நாளே கண்டன். ஹாஜியார் எழும்பி நிக்கக்குள்ளேயே கண்டன். அது சுபஹுச் சூரியன் எண்டு எனக்குத் தெரியும்."

சியாம் பைக் திறப்பை எடுத்துக்கொண்டு படியிறங்கினான். பலகையைக் கழற்றப் போகிறான் என்று தெரிந்தது. படியில் பாதியில் நின்று, "மிச்சத்த வந்து கதைப்பம்" என்று மட்டும் சொன்னான்.

றுஸ்னா கதிரையில் இருந்தாள். கண் நிறைந்து நின்றது, விழவில்லை. "ஏன் ராத்தா சொல்லல்ல?"

"சொன்னா நீ திருத்தியிருப்பாய்."

றுஸ்னா மூக்கைத் துடைத்தாள். குரல் மாறியிருந்தது. அதில் ராத்தாவும் இல்லை, அன்பும் இல்லை.

"சரி. இப்ப சொல்லுங்க. இந்த ஊர்ல மஃரிபுக்குச் சூரியன் எங்க போற?"

"வயலுக்க."

"நான் கண்டதில்ல. அந்த நேரம் எப்பவும் குசினில அடுப்போடதான். காட்டுங்க."

மர்ஷூதாவுக்கு ஸ்கூட்டி இருந்தது. பின்னேரம் இரண்டு பேரும் அதில் காரைதீவுச் சந்தியால் திரும்பி மாவடிப்பள்ளி றோட்டில் போனார்கள். மற்ற நேரமென்றால் பின்னாலிருப்பவள் முன்னாலிருப்பவளின் தோளைப் பிடித்துக்கொள்வாள். றுஸ்னா சீட்டின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அறுவடை முடிந்த வயல் இரண்டு பக்கமும் கிடந்தது. மெஷின் துப்பிவிட்டுப் போன வைக்கோலைச் சிலர் குவித்துக் குவித்து வைத்திருந்தார்கள். கொக்குகள் தாளடிக்குள் நின்றன. சூரியன் அந்த வைக்கோல் குவியல்களுக்குப் பின்னால் மெல்ல இறங்கியது. குவியல்களின் விளிம்பில் நெருப்பு வைத்த மாதிரி ஒரு சிவப்பு ஓடியது.

மர்ஷூதா ஸ்கூட்டியை ஓரமாக நிறுத்தினாள். றுஸ்னா இறங்கி நின்று பார்த்தாள். போனை எடுக்கவேயில்லை. பிறகு தனக்குத்தானே பேசுவது போல் சொன்னாள்:

"அந்தத் துறைமுகத்தக் கீறின அதே ஓவியர்தான் வைக்கோல் குவியலும் கீறியிருக்கிறார். ஒண்டு ரெண்டில்ல, காலையில ஒண்டு, பின்னேரம் ஒண்டு எண்டு கீறிக் கீறி வெச்சிருக்கிறார். எனக்கு ஞாபகமே வரல்ல."

மர்ஷூதா அந்த றோட்டால் எத்தனை தரம் போயிருப்பாள். சம்மாந்துறைக்குக் கலியாணத்துக்கு, மையத்து வீட்டுக்கு, மாமி வீட்டுக்கு. சூரியன் எங்கே இறங்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அது ஒரு படம் என்று அவளுக்கு ஒரு நாளும் தெரிந்ததில்லை. இவள் வந்து ஐந்து நிமிஷம் நிற்கவில்லை, அதற்குள் கண்டுவிட்டாள். மறுபடியும் அந்த மீன்முள் தொண்டைக்குள் ஏறியது.

மஃரிபு பாங்கு கேட்டதும் திரும்பினார்கள்.

அன்றிரவே புதுப் பலகை தயாரானது. விடியும்போது ஹாஜியார் போனில் சிரித்தார். வைக்கோல் குவியலுக்குப் பின்னால் சூரியன், அதன் வெளிச்சம் வரப்பால் வழிந்து வந்து குவளைக்குள் சிவப்பாக நிறைந்தது. தேத்தண்ணிக் கடையில் முகம்மது தம்பி, "இப்பதான் சரியான ஊருக்கு வந்திரிக்கி" என்றாராம். வருஷ வேலை கிடைத்துவிட்டது.

சியாம் இரண்டு பேரையும் மறுபடி கூப்பிட்டான். "ஹாஜியார்ட வேலைக்குப் பொறுப்பு றுஸ்னா" என்றான். மர்ஷூதா எதிர்பார்த்ததுதான். சியாம் அவளைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டு தொடர்ந்தான். "இனி அச்சுக்குப் போகமுந்தி பாக்கிற வேலைய நானே பாக்கிறன்."

மர்ஷூதா தலையை ஆட்டினாள். கைப்பையை எடுக்கத் திரும்பினாள்.

"வாணாம் நானா" என்றாள் றுஸ்னா. "என்ட வேலைய அவங்கதான் பார்க்கணும்."

"அவ செஞ்சது தெரிஞ்சுமா தங்கச்சி?"

"தெரிஞ்சுதான். உங்களுக்கு என்ட வேல பிடிக்கிது. அதால ஒண்டும் தெரியமாட்டுது. அவங்களுக்கு என்னையே பிடிக்காது. அந்தக் கண்ணுக்கு ஒண்டும் தப்பாது." பிறகு மர்ஷூதாவை நேராகப் பார்த்தாள். "ஆனா கண்டாச் சொல்லணும். கண்டுட்டுச் சொல்லாம ஈந்தா அண்டைக்கு நான் போறன், இல்லாட்டி நீங்க."

மர்ஷூதாவுக்குக் கோபம் வந்தது, வெட்கம் வந்தது. அதற்குள் ஒளித்துக்கொண்டு ஏதோ ஒரு பெருமையும் வந்தது. பிடிக்காது என்று முகத்துக்கு நேரே சொன்னது அவளுக்கு ஏனோ இலேசாக இருந்தது. கைப்பையைத் திரும்ப வைத்தாள்.

பெருநாளுக்கான படத்தை றுஸ்னா முடித்த அன்று மர்ஷூதா திரைக்கு முன்னால் போய் நின்றாள். மேலே சூரியன், நடுவில் வயல், கீழே வரப்பில் சர்பத் போத்தல். பிழை ஒன்று கிடைக்காதா என்று ஏங்கிப் பார்த்தாள். கிடைத்தது. சூரியன் பின்னால் நிற்கிறது. போத்தலின் நிழலும் பின்னாலேயே விழுந்திருந்தது.

றுஸ்னா காணவில்லை. சியாமும் காணமாட்டான். ஊரும் காணுமோ என்னவோ. மர்ஷூதா கொஞ்ச நேரம் அந்த நிழலைத் தனக்கென்று வைத்துக்கொண்டு நின்றாள்.

"இஞ்ச வா" என்றாள்.

றுஸ்னா வந்து குனிந்தாள். மர்ஷூதா விரலை வைத்துக் காட்டினாள். றுஸ்னா நாக்கை 'த்ச்' என்று கொட்டி, கதிரையை இழுத்துப் போட்டு இருந்து நிழலை முன்னுக்குத் திருப்பினாள். நீளமாக, சாய்வாக, பார்க்கிறவர்களின் காலடி வரை அது வந்து விழுந்தது. படம் முன்னையதைவிட எத்தனையோ மடங்கு அழகாகிவிட்டது.

மர்ஷூதாவுக்கு வயிறு எரிந்தது.

"மற்றப் படத்தையும் எடு, பாப்பம்" என்றாள்.